ஜெர்மன்ல 'ஓ' கிரேடு... ஆனா பேச வருமா?

போன வருஷம் மூணாவது செமஸ்டர்ல ஜெர்மன் எலெக்டிவ் எடுத்தேன். 92 மார்க், 'ஓ' கிரேடு. அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டி வரைக்கும் "என் பையனுக்கு ஜெர்மன் தெரியும்"னு சொல்லி முடிச்சிட்டாங்க. நானும் மறுக்கல. ரெஸ்யூமேயில் 'தெரிந்த மொழிகள்' வரிசையில தமிழ், ஆங்கிலத்துக்குப் பக்கத்துல ஜெர்மனும் ஏறிடுச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு ஜெர்மனியில இருந்து ஒரு புரொஃபசர் எங்க டிபார்ட்மென்ட்டுக்கு கெஸ்ட் லெக்சருக்கு வந்தார். டீ பிரேக்ல "சார், இவன் ஜெர்மன் படிச்சவன்"னு பசங்க என்னை முன்னாடி தள்ளி விட்டாங்க. அவரும் ரொம்ப சந்தோஷமா, நிறுத்தி நிதானமாத்தான் கேட்டார்: "வாஸ் மாஹன் ஸீ நாஹ் டேம் ஷ்டூடியும்?"

படிப்பு முடிச்சு என்ன பண்ணப் போறீங்க? அவ்வளவுதான் கேள்வி. வாஸ் என்றால் என்ன. மாஹன் என்றால் செய். ஸீ என்றால் நீங்கள். ஷ்டூடியும் என்றால் படிப்பு. எல்லாமே எனக்குத் தெரிஞ்ச வார்த்தைகள். 'நாஹ்' மட்டும் எங்க புக்குல 'நாஹ் டாய்ச்லாண்ட்' என்று 'ஜெர்மனிக்கு' என்ற அர்த்தத்தில்தான் வந்திருந்தது. 'பிறகு' என்றும் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்பது என் மண்டையில ஏறவே இல்லை. பத்துப் பதினஞ்சு செகண்ட் முழிச்சேன். அப்புறம் என் வாயில இருந்து வந்தது: "இஹ் ஹைஸ..." என்று என் பெயர். கேட்காத கேள்விக்குப் பதில். அவர் சிரிச்சு, கை குலுக்கிட்டு, ஆங்கிலத்துக்கு மாறிட்டார்.

அந்த 92 பொய்யா? இந்தக் கேள்விதான் என்னை அரிச்சுது. பேப்பர் திருத்தினவங்க தாராளமா மார்க் போடல, நானும் காப்பி அடிக்கல. அப்போ அந்த 92 எதை அளந்தது?

விடை தேடி கொஞ்சம் படிச்சேன். மொழித் தேர்வு ஆட்கள் இதுக்கு ரெண்டு தனித்தனி பேரே வெச்சிருக்காங்க. நடத்தின பாடத்தில் எவ்வளவு உள்ளே போச்சுன்னு பார்க்கிறது ஒண்ணு. அதை அடைவுத் தேர்வு என்று சொல்லலாம். எந்த புக், எந்த வாத்தியார் என்ற கவலையே இல்லாம, இப்போ இந்த ஆளால அந்த மொழியில என்ன செய்ய முடியும்னு பார்க்கிறது இன்னொண்ணு. அது திறன் தேர்வு. நம்ம செமஸ்டர் பேப்பர் முழுக்க முழுக்க முதல் வகை. கோடிட்ட இடத்தில் டேர், டீ, டஸ் போடு. வினைச்சொல்லை மாத்து. 'என் நண்பன்' பற்றிப் பத்து வரி எழுது. அந்தப் பத்து வரியை நான் ஹாஸ்டல் மொட்டை மாடியில நடந்துக்கிட்டே மனப்பாடம் பண்ணினேன். இன்னைக்கும் தடங்காமச் சொல்வேன். அதில் வர்ற நண்பனுக்கு நாய் பிடிக்கும், கால்பந்து பிடிக்கும். எனக்கு அப்படி ஒரு நண்பனே கிடையாது.

மெட்ராலஜி லேப் முடிச்சவங்களுக்கு இது சுலபமா புரியும். ஒரே ராடை வெர்னியர்ல பத்து தடவை அளந்தா பத்து தடவையும் ஒரே ரீடிங் வருது, கருவி நம்பகமானது. ஆனா அதே வெர்னியரை வெச்சு அந்த ராடோட வெப்பநிலையைச் சொல்ல முடியுமா? ரீடிங் எவ்வளவு சுத்தமா வந்தாலும் அது நமக்கு வேண்டிய விஷயம் இல்லை. முதல் குணத்துக்கு நம்பகத்தன்மைன்னு பேரு, ரெண்டாவதுக்கு ஏற்புடைமை. என் 92 நம்பகமான எண். இன்னொரு ஸ்டாஃப் திருத்தியிருந்தாலும் 90, 91 வந்திருக்கும். ஆனா "ஜெர்மன் பேச வருமா" என்ற கேள்விக்கு அது பதிலே இல்லை. ரிலேட்டிவ் கிரேடிங் இருக்கிற காலேஜ்ல இன்னும் மோசம். அங்கே 'ஓ' என்றால் உங்க கிளாஸ்ல நீங்க மேல இருக்கீங்க, அவ்வளவுதான். கிளாஸே தரையில உட்கார்ந்திருந்தா மேல இருக்கிறவர் ஒரு ஸ்டூல்ல இருக்கார்.

சரி, வெளியில எப்படி அளக்கிறாங்க?

ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. இது ஜெர்மனுக்கு மட்டுமான அளவு இல்லை. ஐரோப்பிய கவுன்சில் 2001ல் வெளியிட்ட பொதுச் சட்டகம், சுருக்கமா சிஇஎஃப்ஆர். இதோட உயிர் எங்கே இருக்குன்னா, ஒவ்வொரு நிலையையும் "எத்தனை பாடம் முடிச்சீங்க"ன்னு சொல்லாம "உங்களால என்ன செய்ய முடியும்"னு சொல்லுது. ஏ1 என்றால், எதிராளி மெதுவா, உதவி பண்ற மாதிரிப் பேசினா, தன்னைப் பற்றி எளிமையாச் சொல்ல முடியும், கேட்க முடியும். பி1 என்றால், பழக்கமான விஷயங்களில் சமாளிக்கலாம். ஒரு அனுபவத்தையோ திட்டத்தையோ விவரிச்சு, ஏன்னு காரணம் சொல்லலாம். பி2வுக்குப் போனா தன் துறை சம்பந்தமான தொழில்நுட்பப் பேச்சையே பின்தொடரலாம். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? லேப் மேனுவல் முதல் பக்கத்துல நாம படிக்காமலே திருப்புற கோர்ஸ் அவுட்கம் இதே வாக்கிய அமைப்புதான். அங்கே அது அக்ரெடிடேஷன் டீமுக்கு; இங்கே அதை வெச்சுத்தான் கேள்வித்தாளே தயாராகுது.

நம்ம ஊர்ல மாக்ஸ் முல்லர் பவன் என்ற பேரில் இருக்கிற கோதே இன்ஸ்டிட்யூட்டின் ஏ1 தேர்வை எடுத்துக்குவோம். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி. நாலுக்கும் சம எடை. மொத்தம் நூற்றுக்கு 60 எடுத்தா பாஸ். கேட்டல்ல வர்றது ஸ்டேஷன் அறிவிப்பு, போன்ல பதிவான தகவல் மாதிரி அன்றாடச் சமாச்சாரம். அதில் நடுப் பகுதியை ஒரே ஒரு தடவைதான் போடுவாங்க. ரயில்வே ஸ்டேஷன்ல யாரும் நமக்காக ரீவைண்ட் பண்ண மாட்டாங்க இல்லையா. எழுதுதல்ல ஒரு ஃபார்ம் நிரப்பணும், அப்புறம் மூணு விஷயத்தைத் தொட்டு முப்பது வார்த்தை அளவுக்கு ஒரு சின்ன கடிதமோ மெயிலோ எழுதணும். 'என் நண்பன்' கட்டுரைக்கு அங்கே வேலை இல்லை.

பேசுதல்தான் முக்கியம். குழுவா உட்கார வெச்சு சுமார் 15 நிமிஷம். முதல்ல சுய அறிமுகம். இதை எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன! அறிமுகம் முடிஞ்ச உடனே உங்க பேர்ல ஏதாவது ஒண்ணை எழுத்து எழுத்தாச் சொல்லச் சொல்வாங்க, ஒரு நம்பரைக் கேட்பாங்க. மனப்பாடம் அங்கேயே உடையும். அடுத்து ஒரு சீட்டு எடுக்கணும். அதில் 'சாப்பாடு'ன்னு தலைப்பும் 'காலை'ன்னு ஒரு வார்த்தையும் இருந்தா, அதை வெச்சு நீங்களே ஒரு கேள்வி உருவாக்கிப் பக்கத்துல இருக்கிறவர்கிட்ட கேட்கணும். அவர் கேட்டா நீங்க பதில் சொல்லணும். மூணாவதா ஒரு படம். அதைப் பார்த்து ஒரு வேண்டுகோள் வைக்கணும். நம்ம எலெக்டிவ் வைவாவில் நாம ஒரு கேள்வியாவது கேட்டிருக்கோமா? பதில் சொல்ல மட்டும்தான் பழகியிருக்கோம். கேள்வி கேட்கிறதும் மொழிதானே.

மார்க் போடற விதத்தைப் பார்த்தப்போ எனக்கே ஆச்சரியமா இருந்தது. கேட்ட வேலையை முழுசாச் செஞ்சு, சொன்னது புரிஞ்சா முழு மார்க். குறைபாட்டால பாதி வேலைதான் ஆச்சுன்னா பாதி. புரியவே இல்லைன்னா பூஜ்யம். ஏ1 பேச்சுல ஒரு டேர் இடத்துல டீ போட்டுட்டா தலை போகாது. நம்ம பேப்பர்ல அதுக்குத்தான் தலை போகும்.

பி1 இன்னும் கறார். நாலும் நாலு தனி மாட்யூல். ஒவ்வொண்ணிலும் தனித்தனியா நூற்றுக்கு 60 வேணும். வாசிப்புல 95 எடுத்துப் பேச்சுல 40 எடுத்தா, சராசரி பார்த்து யாரும் காப்பாத்த மாட்டாங்க. ஆறுதல் என்னன்னா, போன மாட்யூலை மட்டும் திரும்ப எழுதலாம். பிரெஞ்சுக்கு டெல்ஃப் தேர்வு இருக்கு. அதிலும் நாலு திறனுக்கு 25 வீதம் 100, பாஸ் 50; ஆனா எந்த ஒண்ணுலயும் 5க்குக் கீழே போகக் கூடாது.

ஜப்பானிய மொழி படிக்கிற மக்கள் நம்ம காலேஜ்ல இப்போ அதிகம், அதனால ஜேஎல்பிடி பத்தியும் சொல்லணும். 1984ல் ஆரம்பிச்சது. 2010ல் இருந்து என்5 முதல் என்1 வரை அஞ்சு நிலை. என்5 சுலபம், என்1 உச்சம். என்5ல் சொல், இலக்கணம், வாசிப்பு சேர்த்து 120, கேட்டல் 60. மொத்தம் 180க்கு 80 எடுத்தா பாஸ். ஆனா முதல் பகுதியில 38, கேட்டல்ல 19 குறைந்தபட்சம் வேணும். அதாவது 61ம் 19ம் எடுத்தவர் பாஸ். 100ம் 18ம் எடுத்தவர், மொத்தம் 118 இருந்தும் ஃபெயில். என் ரூம்மேட் இதைக் கேட்டு "என்னடா அநியாயம்"ன்னான். அநியாயம் இல்லை மச்சான், பாலத்துல நாலு தூண்ல மூணு ஸ்ட்ராங்கா இருந்தா போதுமா?

இன்னொரு விஷயம். அதில் எத்தனை கேள்வி சரின்னு எண்ணி நேரா மார்க்கா போடறதில்லை. ஜூலை பேப்பர் கொஞ்சம் சுலபமா, டிசம்பர் பேப்பர் கொஞ்சம் கஷ்டமா அமையலாம். கேள்விகளோட கடினத்தைக் கணக்கில் எடுத்து, ரெண்டு பேப்பரையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்துதான் ஸ்கோர் தர்றாங்க. புள்ளியியலில் ஆர்வம் இருக்கிறவங்க 'ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரி'ன்னு தேடிப் படிங்க, நல்ல கணக்கு.

இவ்வளவு கறாரான தேர்வுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. ஜேஎல்பிடியில் பேச்சும் கிடையாது, சொந்தமா எழுதறதும் கிடையாது. என்1 வரைக்கும் எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிறதுதான். தேர்வை நான் குறை சொல்லல. உலகம் முழுக்க ஒரே நாளில் லட்சக்கணக்கான பேருக்குப் பேச்சுத் தேர்வு வைக்கிறது நடக்கிற காரியமா? ஆனா அந்த சர்டிஃபிகேட்டைக் கையில வெச்சிருக்கிற நாம, அது எதை அளக்கவே இல்லைன்னு தெரிஞ்சு வெச்சுக்கணும். ஒரு சீனியர் அக்கா என்3 பாஸ் பண்ணிட்டு ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனாங்க. "கேட்டது எல்லாம் புரிஞ்சுதுடா, பதில் மட்டும் நெஞ்சுக்குழியிலயே நின்னுடுச்சு"ன்னாங்க. கேட்டல்ல நல்ல மார்க் வாங்கினவங்க அவங்க. தேர்வும் சரிதான், அவங்களும் சரிதான். அளக்காத இடத்தில் இன்டர்வியூ நடந்துது.

அப்போ பேச்சை ஒழுங்கா அளக்கிறது எப்படி? இதில் பழைய கில்லாடி அமெரிக்காவின் வெளியுறவுச் சேவைப் பயிற்சி நிறுவனம். தூதரக ஆட்கள் "எனக்கு அந்த மொழி நல்லா வரும்"னு அவங்களே சொல்லிக்கிட்டதை நம்பாம, 1950களில் நேர்காணல் முறை ஒண்ணை உருவாக்கினாங்க. 0 முதல் 5 வரை அளவு. நேர்காணல் எப்படிப் போகும்னா, முதல்ல சும்மா பேச்சு, பதட்டம் குறைய. அப்புறம் இவர் எந்த நிலையில வசதியாப் பேசறார்னு பார்ப்பாங்க. அதுக்கு அப்புறம்தான் விஷயம்: வேணும்னே ஒரு படி மேல போய்க் கேட்பாங்க. "உங்க ஊர் எப்படி இருக்கும்"ல ஆரம்பிச்சது, "உங்க ஊர்ல தண்ணிப் பிரச்சினையை நீங்க கலெக்டரா இருந்தா எப்படித் தீர்ப்பீங்க"ன்னு போகும். பேச்சு எங்கே தடுமாறுது, வாக்கியம் எங்கே உடையுதுன்னு குறிச்சுக்குவாங்க. கடைசியில மறுபடியும் சுலபமான பேச்சுக்கு இறக்கி, சிரிச்ச முகமா அனுப்பி வைப்பாங்க.

ஸ்ட்ரென்த் லேப்ல யூடிஎம் மெஷின்ல எம்எஸ் ராடை மாட்டி இழுத்தது ஞாபகம் வருதா? ராட் நீண்டு, கழுத்து மாதிரி ஒடுங்கி, டப்புன்னு உடையும். லோடு உச்சத்தைத் தொடற வரைக்கும் இழுக்காம அதோட உச்ச வலிமையைச் சொல்ல முடியாது. நம்ம எலெக்டிவ் வைவா என்ன பண்ணுது? கொஞ்சூண்டு லோடு கொடுத்து, ராட் உடையலைன்னு பார்த்ததும் "சூப்பர்"னு மெஷினை ஆஃப் பண்ணிடுது. அந்த புரொஃபசர் எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு கிலோ நியூட்டன் அதிகம். நான் உடைஞ்சேன். இப்போ யோசிச்சா, என் ஜெர்மனைப் பற்றி அதுவரைக்கும் கிடைச்ச ஒரே உருப்படியான ரீடிங் அதுதான்.

நான் மட்டும் இல்லை. ஜான் கேரல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1967ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். அந்த நாட்டுக் கல்லூரிகளில் அந்நிய மொழியையே மெயின் பாடமா எடுத்து, டிகிரி முடிக்கப் போற மாணவர்களை அளந்து பார்த்தார். நடுவில் இருக்கிற மாணவரின் பேச்சு மேலே சொன்ன அளவில் 2+ பக்கம்தான் வந்தது; வேலைக்குக் குறைந்தபட்சம் என்று வெச்சிருந்த 3ஐக்கூட எட்டல. அந்த மொழி பேசற நாட்டுல கொஞ்ச காலம் இருந்துட்டு வந்தவங்க தெளிவா மேல இருந்தாங்க. நாலு வருஷம் மெயினா படிச்சவங்க கதையே அப்படின்னா, வாரம் மூணு பீரியட் எலெக்டிவ் படிச்ச நாம 'தெரிந்த மொழிகள்' வரிசையில கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

இதையே தமிழுக்குத் திருப்பிப் போட்டுப் பாருங்க. ஒரு வெளிநாட்டுக்காரர் புத்தகத் தமிழ் படிச்சு நூற்றுக்கு 95 வாங்கிட்டு சென்ட்ரல்ல இறங்கறார். ஆட்டோ அண்ணன்கிட்ட "நான் மயிலாப்பூர் செல்ல விரும்புகிறேன்"ங்கிறார். அண்ணனுக்குப் புரியும், சிரிச்சுக்கிட்டே ஏத்திக்குவார். ஆனா அண்ணன் "எங்க இறங்கணும், குளத்தாண்டயா, டேசனாண்டயா?"ன்னு கேட்டா நம்மாளு காலி. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இவ்வளவு தள்ளி இருக்கிறப்போ, தமிழ்த் தேர்வு ரெண்டையும் தனித்தனியா அளக்கலைன்னா அந்த 95ஐ என்ன பண்றது?

வெளித் தேர்வுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி நாமளே நம்மை அளக்க முடியுமான்னு நாங்க நாலு பேர் ஹாஸ்டல்ல முயற்சி பண்ணினோம். முதல்ல சி-டெஸ்ட். 1981ல் ராட்ஸ், க்ளைன்-ப்ராலி என்ற ரெண்டு பேர் ஜெர்மனியில உருவாக்கினது. ஒரு சின்னப் பத்தி எடுத்து முதல் வாக்கியத்தை அப்படியே விட்டுட்டு, ரெண்டாவது வாக்கியத்தில் இருந்து ஒண்ணு விட்டு ஒரு வார்த்தையோட பின்பாதியை அழிச்சிடணும். தமிழ்ல காட்டறேன்: "நேற்று மாலை பலத்த மழை பெய்தது. ஹாஸ்டல் வாச___ முழங்கால் அள___ தண்ணீர் நின்___." யோசிக்காமலே நிரப்பியிருப்பீங்க. நடுவுல 'அளவு', 'அளவுக்கு' ரெண்டுமே பொருந்தும். விகுதி மேல விகுதி ஏறுற மொழிக்கு இந்தத் தேர்வைக் கொஞ்சம் பார்த்துத்தான் அமைக்கணும். ஈசிஇ மக்களுக்கு இது தெரிஞ்ச கதை: சிக்னல்ல ரிடண்டன்சி இருந்தா, சில பிட் தொலைஞ்சாலும் ரிசீவர் மீட்டெடுக்கும். மொழி தெரிஞ்சவர்தான் நல்ல ரிசீவர். நாங்க புக்கில் இல்லாத ஒரு எளிய ஜெர்மன் பத்தியில செஞ்சோம். 25 இடத்துல எனக்கு 11. 'ஓ' கிரேடு, 11.

அடுத்தது வாய்ஸ் நோட். ஒருத்தர் கேள்வி அனுப்பணும், கேட்ட உடனே ஒரு நிமிஷம் பேசி அனுப்பணும், திரும்ப ரெக்கார்ட் பண்ணக் கூடாது. மத்த ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் காட்டாம அஞ்சுக்கு மார்க் போடணும். முதல் நாள் எனக்கு ஒருத்தன் 4 போட்டான், இன்னொருத்தன் 2. சண்டையே வந்துடுச்சு. விசாரிச்சா, ஒருத்தன் "சொன்னது புரிஞ்சுதா"ன்னு பார்த்திருக்கான், இன்னொருத்தன் ஆர்டிகிள் தப்பை விரல் விட்டு எண்ணியிருக்கான். பெரிய தேர்வுகள்ல தேர்வாளர்களை ஒரே மாதிரிப் பதிவுகளைக் கேட்க வெச்சு, மார்க் போடப் பழக்கி, ஒத்துப்போக வைக்கிறது ஏன்னு அன்னைக்குப் புரிஞ்சுது. கருவிக்கு மட்டும் இல்லை, ஆளுக்கும் கேலிப்ரேஷன் வேணும். அப்புறம் நாங்க ஒரு தாள்ல எழுதி வெச்சோம்: கேட்டதுக்குப் பதில் வந்ததா, எதிராளிக்குப் புரியுமா, வார்த்தைக்குத் தடுமாறினாலும் வேற வழியில் சுத்திப் போய்ச் சொன்னானா, கடைசியாகத்தான் இலக்கணம். அதுக்கு அப்புறம் ரெண்டு பேர் மார்க்குக்கும் நடுவுல ஒரு மார்க்குக்கு மேல வித்தியாசம் வர்றது குறைஞ்சுது.

கேள்வி அனுப்பறவனுக்கு ஒரு விதி: மூணாவது கேள்வி எப்பவும் ஒரு படி மேல இருக்கணும். உடையட்டும்.

முதல் நாள் வாய்ஸ் நோட்டை நான் அழிக்கல. போன வாரம் பசங்ககிட்ட சொல்லி அந்த புரொஃபசரோட கேள்வியையே அனுப்பச் சொன்னேன். முதல் பதிவுல கேள்விக்கும் என் முதல் வார்த்தைக்கும் நடுவுல 11 செகண்ட் அமைதி, ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். இதில் 4 செகண்ட். படிப்பு முடிச்சு ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு மாஸ்டர்ஸ் போகணும்னு எப்படியோ சொல்லிட்டேன். 'நாஹ் டேம்' வர வேண்டிய இடத்துல 'நாஹ் டேர்'னு உளறினேன். ஒருத்தன் 4 போட்டான். ஆர்டிகிள் எண்ற அந்த நாதாரி இன்னமும் 3தான்.